கெட்டிச் சாயம்

ஏப்ரல் 21, ஞாயிறு

விசேஷம் எதுவானாலும் வந்தவர்களை எழுதி வைத்துவிடுவது என் வழக்கம். பதிலுக்குச் செய்ய வேண்டிய மரியாதை யாருக்கும் விட்டுப்போகக் கூடாது. இன்று மாலை முன்னறையில் இருந்தவர்கள்: பெண் பார்க்க வந்த பையன் பிரணவ். அவன் அம்மா வசந்தகுமாரி, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவன் அப்பா. ஜாதகம் கொண்டுவந்த தரகர் சுந்தரமூர்த்தி. எங்கள் பக்கம் என் வீட்டுக்காரர், நான், எங்கள் பெண் மிருதுளா, இவருடைய தங்கை கனகமணி, கனகமணியின் பெண் ஸ்வப்னா. ஒன்பது பேர். சுவரில் இருக்கும் சென்னிமலை முருகனைச் சேர்த்தால் பத்து.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வசந்தகுமாரி அம்மா, மிருதுளா எந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள் என்றெல்லாம் விசாரித்தார். அப்போது கனகமணி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல பொண்ணுங்க. என்ன, கொஞ்சம் ஃபாஸ்ட்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மிருதுளா படிக்கும்போது நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலாக வந்தவள். கோப்பையெல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஆகவே நானும் சேர்ந்துகொண்டேன். "ஆமாங்க, சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பசங்களாலயே தொரத்திப் புடிக்க முடியாது."

இவர் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். இவருக்கு ஃபாஸ்ட் என்றால் ஒரே அர்த்தம்தான். துவைத்தாலும் போகாத கெட்டிச் சாயம். அதனால் இவரும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க குடும்பமே ஃபாஸ்ட்தானுங்க. எத்தன தண்ணி பார்த்தாலும் அப்படியே நிப்போம்" என்றார்.

பையனின் அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. ஸ்வப்னா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மிருதுளா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. வெட்கம்.

கேசரி பாதிக்கு மேல் மிச்சம். வந்தவர்கள் கூச்சப்பட்டுச் சாப்பிடவில்லை போலிருக்கிறது. வாழைக்காய் பஜ்ஜி சரியாகப் போயிற்று.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று சிலிண்டர் மாற்றினேன். புளி தீரப் போகிறது.

சுந்தரமூர்த்தி போன் செய்தார். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்களாம். ஏன் என்று கேட்டேன். இழுத்தார். விடாமல் கேட்டேன். "உங்க நாத்தனாரே வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. நீங்களாவது இல்லைன்னு சொல்லிருக்கோணும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆமாம் போட்டா நான் என்னங்க பண்றது?" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். மிருதுளாவின் பழைய பாடப் புத்தகங்களையும், பழைய பேப்பர்க் கடையில் அட்டை இல்லாமல் வாங்கிய ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகத்தான் இங்கிலீஷ் படித்தேன். சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் அது இருக்கிறது. கை கழுவிவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

ஒன்று, வேகமான. இரண்டு, அசையாத, உறுதியான. மூன்று, சாயம் போகாத. நான்கு, கடிகாரம் முந்தி ஓடுவது. ஐந்து, அயர்ந்த தூக்கம். ஆறு, உண்ணாமல் நோன்பிருத்தல். ஏழு, ஒழுக்கக் கட்டுப்பாடு இல்லாத பெண்.

ஏழாவதை மறுபடியும் படித்தேன். பெண் என்றுதான் போட்டிருக்கிறது.

ஆக, கனகமணி ஏழாவதைச் சொல்லியிருக்கிறாள். நான் ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டு ஆமாம் என்றிருக்கிறேன், அதோடு பசங்களையும் இழுத்திருக்கிறேன். இவர் மூன்றாவதை நினைத்துக் குடும்பத்தையே கொண்டுபோய் அதில் முக்கியிருக்கிறார்.

முருகா, நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்.

ஏப்ரல் 23, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தங்கச்சி தெரியாமல் சொல்லியிருப்பாள் என்றார். செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டு வந்தவளுக்கு எந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கே கடிக்கும் என்று தெரியாதா? காய்காரனிடமே 'ஃப்ரெஷ்ஷா இருக்கா' என்று கேட்கிறவள்.

மிருதுளா ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "விடுங்கம்மா. அத்தை மேல கோவப்படாதீங்க. ஒரு நாளைக்கு நான் சொல்றேன்" என்றாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது? தன் பேரைக் கெடுத்தவளுக்கும் பரிந்து பேசுகிற பெண். இவளைப் போய்.

கோடை விடுமுறைப் பயிற்சி முகாம் என்று போனவள் இருட்டிய பிறகுதான் வந்தாள். வெயிலில் குழந்தைகளோடு ஓடி ஓடி முகம் சிவந்து கிடக்கிறது. ஆனால் களைப்பே தெரியவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குளித்தாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மாவட்ட நூலகத்துக்குப் போனேன். தலையணை கனத்தில் ஓர் அகராதி வைத்திருக்கிறார்கள். வெளியே தர மாட்டார்களாம். நின்றுகொண்டே படித்தேன், பாதி புரிந்தது.

அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் வேகம் இல்லையாம். ஆதியில் அசையாமல் நிற்பது மட்டும்தானாம். பிடித்த பிடியை விடாமல் இருப்பதால் நோன்புக்கும் அதே சொல் வந்ததாம். விடாமல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு துரத்துவதில் இருந்து ஓட்டத்துக்கு வந்ததாம். ஓட்டத்தில் இருந்து கட்டுக்கு அடங்காமல் ஊதாரியாகத் திரிகிற ஆண்களுக்குப் போய், கடைசியில் பெண்கள் மேல் வந்து விழுந்ததாம். நிற்பதில் ஆரம்பித்த சொல் ஓடிப்போனவளில் வந்து நிற்கிறது.

திரும்பி நடந்து வரும்போது நம் வார்த்தை ஒன்று மனசில் ஓடியது. கெட்டி. கெட்டித் தயிர், கெட்டி மேளம், கெட்டிச் சாயம், கெட்டிக்காரி. கடைசியில் இருக்கிற ஒரு சுழியை எடுத்துவிட்டால் கெட்ட. கெட்டிக்காரியைக் கெட்டவள் ஆக்குவதற்கு ஒரு சுழி போதும். கனகமணி அதைத்தான் எடுத்தாள்.

ஏழு அர்த்தத்தில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். அசையாமல் நிற்பது, பட்டினி கிடப்பது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த அதே ஒன்பது பேர் முன்னால் கனகமணி தன் வார்த்தையைத் தானே திருப்பி எடுத்துக்கொள்ளும் வரை பகலில் ஒரு வேளைதான் சாப்பாடு. அதுவும் உப்பில்லாமல். சூடம் ஏற்றிச் சொல்லிவிட்டேன்.

யாருக்காக விரதம் என்று இவர் கேட்டார். முருகனுக்கு என்றேன்.

"முருகன் உன்னைய என்ன பண்ணுனாரு?" என்றார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இவருக்குச் சர்க்கரை பார்க்கப் போனோம். லேப் சீட்டில் 'ஃபாஸ்டிங்' என்று இருந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் அந்தச் சொல்தான் கண்ணில் படுகிறது. ரத்தம் எடுக்கிற வரைக்கும்கூடப் பசி தாங்காமல் இவருக்குக் கை நடுங்கியது. மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். வரும் வழியில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 3, வெள்ளி

பசி பழகிவிட்டது. கோபம்தான் பழகவில்லை.

மே 9, வியாழன்

ஸ்வப்னா வந்தாள். வாசலிலேயே நின்று மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விஷயம் இதுதான். அந்த பிரணவ் வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்து, பிடித்துப்போய், தட்டு மாற்ற நாளும் குறித்துவிட்டார்களாம். ஜூன் ஒன்பது.

"மிருதுக்கா, உனக்கு வருத்தம் இல்லியே? இருந்தா இப்பவே சொல்லிரு, நான் வேண்டாம்னுடறேன்."

மிருதுளா அவளை அப்படியே இடுப்பில் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். "ஐயோ, எனக்கு எதுக்குடி வருத்தம்? போய்ப் பட்டுப் பொடவை பாரு" என்றாள். என் பெண்ணுக்கு நடிக்கக்கூடத் தெரிகிறது.

அன்றைக்குப் புரை ஏறியவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று இப்போது யோசிக்கிறேன். கனகமணி எல்லாம் திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறாள். என் இலையைத் தள்ளிவிட்டுத் தன் இலையைப் போட்டிருக்கிறாள்.

ஸ்வப்னா நல்ல பெண்தான். அதை எழுதி வைக்கிறேன். ஆனால் கனகமணிக்கு வலிக்கிற இடமும் அவள்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

மே 12, ஞாயிறு

மாவு அரைத்தேன். ஊறுகாய் ஜாடிகளை வெயிலில் வைத்தேன்.

பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று போன மிருதுளாவை வெகு நேரமாகக் காணோம். கடைசியில் அவளோடு முகாமில் வேலை பார்க்கும் ஜெரோம் என்கிறவர் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். பஞ்சராம். அமைதியான பிள்ளை. காபி போட உள்ளே போனேன், இருட்டாக இருந்தது. பின்னாலேயே டம்ளர் எடுத்துக் கொடுக்க வந்தவர், கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அடுப்படி சுவிட்சைத் தடவாமல் சட்டென்று போட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாருக்கும் அது லேசில் அகப்படாது. கெட்டிக்காரர்.

மே 18, சனி

வைகாசி விசாகம். சென்னிமலைக்குப் படியேறியே போனேன். உப்பில்லாத உடம்பு, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டி வந்தது. எல்லோரும் பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்கு வரன் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் பெண் நின்ற இடத்தில் அவள் பெண்ணும் ஒரு நாள் நிற்கட்டும். எல்லோரும் பார்க்கட்டும்.

திரும்பும்போது இது சாமியிடம் கேட்கிற வேண்டுதலா என்று ஒரு நினைப்பு வந்தது. சூரனோடு போருக்குப் போன சாமிதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மே 26, ஞாயிறு

கனகமணி வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்தாள். தாய்மாமன் இல்லாமல் அவர்கள் வீட்டில் தட்டு மாற்ற முடியாது. தாய்மாமன் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபைக்கு வர வேண்டும். அதற்காகவாவது என் வாசலை மிதித்தாள். கடையில் வாங்கின சேலை வேண்டாமாம். மாமன் கையால் சாயம் போட்ட சேலைதான் வேண்டும் என்று ஸ்வப்னா ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். பழுத்த மிளகாய்ச் சிவப்பு. இவருக்கு முகமெல்லாம் பூரித்துப் போய்விட்டது. மனிதர் ஒரு வார்த்தையில் விழுந்துவிடுவார்.

கொண்டுவந்த லட்டுவை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை.

"என்ன விரதங்க அண்ணி? ரொம்ப எளைச்சுப் போயிட்டீங்க."

"ஃபாஸ்ட்" என்றேன். "எங்க குடும்பமே ஃபாஸ்ட்தானே. உனக்குத் தெரியாததா, கனகு?"

அவள் முகம் விழுந்தது. அப்போதே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மிருதுளா வந்து, "அத்தை, வாங்க மாடியில துணி எடுத்துட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மேலே ரொம்ப நேரம் இருந்தார்கள். கொடியில் நாலு துணிதான் இருந்தது.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் இவர் தனியாகத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. எள்ளுருண்டை கொடுத்து அனுப்பியிருந்தாள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 5, புதன்

பட்டறையில் ஒரு சேலைக்காகத் தொட்டி போட முடியாது. அதனால் பின்கட்டில் அண்டா வைத்து இவரே சாயம் போட்டார். விடிகாலையிலேயே ஆரம்பித்துவிட்டார். வெள்ளை நூல் சேலை மெல்ல மெல்லச் சிவந்து ஏறுவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். கல்யாணமான புதிதில் இருந்தே பக்கத்தில் நின்று குச்சியால் புரட்டிக் கொடுப்பது நான்தான். இன்றைக்கும் கொடுத்தேன். இவர் பழைய பாட்டு பாடினார்.

பட்டறையில் இருந்து போன் வந்தது. பாய்லரில் ஏதோ கோளாறு, உடனே வரச் சொன்னார்கள். கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"கொதிக்கிற தண்ணியில சோப்பு போட்டு ரெண்டு வாட்டி அலசிரு. தண்ணி தெளியோணும். பொறவு அந்த வெள்ளை டப்பா ஃபிக்சரை ஊத்தி, சாயம் புடிச்சு நிக்க அரைமணி ஊற வெச்சுட்டுக் காயப் போடு. சிவப்பு, பாத்துக்க. அலசாம விட்டா தொட்டதுல எல்லாம் ஒட்டிக்கும்."

தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். சோப்பை எடுத்தேன். வெள்ளை டப்பாவின் மூடியையும் திறந்தேன்.

மூடியை மூடி அலமாரியில் வைத்தேன். சேலையைப் பிழிந்து அப்படியே கொடியில் போட்டேன்.

கொதித்த தண்ணீரை வீணாக்காமல் தரை துடைத்தேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்ணெய் சிந்திவிடும் என்று குனிந்தே இருந்தேன்.

ஜூன் 6, வியாழன்

சேலையை மடிக்கும்போது இவர் விரலால் தடவிப் பார்த்தார். "கொஞ்சம் மொடமொடங்குதே?" என்றார். விறைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சி போட்டேன் என்றேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஈர வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்திருப்பார். நான் சொன்னதால் தலையை ஆட்டிவிட்டுத் தட்டில் வைத்தார்.

ஜூன் 9, ஞாயிறு

எழுதுவதற்குக் கை வரவில்லை. வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். இவருடைய முதலாளியும் குடும்பத்தோடு வந்திருந்தார். ஸ்வப்னா மாமன் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் காலில் விழுந்தாள். சிவப்பு அவளுக்கு அப்படிப் பொருந்தியது.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் கனகமணி சிலரை மட்டும் பெண் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்தவர்கள்: பிரணவ், வசந்தகுமாரி அம்மா, அவர் வீட்டுக்காரர், சுந்தரமூர்த்தி, இவர், நான், மிருதுளா, கனகமணி, ஸ்வப்னா. அதே ஒன்பது பேர். ஒருவர் கூடவில்லை, ஒருவர் குறையவில்லை.

கனகமணி கையைக் கூப்பிக்கொண்டாள். "என்ற அண்ணன் பொண்ணைப் பத்தி அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னேனுங்க. அது பொய். வேணும்னே சொன்னது. அவ மேல தப்புச் சொல்ல யாராலயும் முடியாது. இதைச் சொன்னாத்தான் சபைக்கு வருவேன்னு அண்ணன் சொல்லிப்போட்டாரு. அண்ணன் சொல்லாட்டியும் நான் சொல்லிருக்கோணும். அண்ணி, என்னைய மன்னிச்சுருங்க."

வசந்தகுமாரி அம்மா மிருதுளாவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டார். இவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அன்றைக்குத் தனியாகப் போய்வந்தது இதற்குத்தான்.

நான் எதற்காகப் பட்டினி கிடந்தேனோ அது நடந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். வேறு சேலை அந்த அறையிலேயே பெட்டியில் இருந்தது. ஸ்வப்னாவை இரண்டு நிமிஷத்தில் மாற்றச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயத்தால் என்று எழுதத்தான் நினைக்கிறேன். பயம் மட்டும் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டாள், சரி. ஆனால் அவள் பெண் இன்னும் நான் கேட்ட இடத்தில் நிற்கவில்லையே என்று ஒரு மூலையில் இருந்தது.

மேடையில் புழுக்கம். பன்னீர் தெளித்தார்கள். வசந்தகுமாரி அம்மா ஸ்வப்னாவுக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, அணைத்துக்கொண்டார். விலகியபோது அவருடைய சந்தன நிறப் பட்டில் தோளில் இருந்து இடுப்பு வரை சிவப்பாக இறங்கியிருந்தது. ஸ்வப்னாவின் கழுத்து, கை, வயிறு எல்லாம் சிவப்பு. பின்வரிசையில் ஒரு அம்மா, "ஐயோ ரத்தம்" என்றார். மேளம் நின்றது. நல்ல காரியத்தில் இதென்ன சகுனம் என்று பேச்சு எழுந்தது. ஸ்வப்னா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். கேட்டது கிடைத்தது.

சுந்தரமூர்த்தி நிலைமையைச் சரிக்கட்டுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "என்ன மாஸ்டர், உங்க சாயம் வெளுத்துப் போச்சுங்களே." சிலர் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார்.

இவர் மேடைக்கு ஏறினார். தோளில் இருந்த வெள்ளைத் துண்டைப் பன்னீரில் நனைத்துச் சேலை முந்தியில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். துண்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். கண்டுபிடிக்க நேரமாகவில்லை.

"என்ற தப்புங்க" என்றார் சபையைப் பார்த்து. "அவசரத்துல அலசாமக் குடுத்துட்டேன். சாயந்தானுங்க, வேற ஒண்ணுமில்ல. பொண்ணு மேல குத்தமில்ல, சகுனத்து மேலயும் குத்தமில்ல. இத்தன வருஷ வேலையில இது ஒண்ணு தப்பிப்போச்சு."

வசந்தகுமாரி அம்மா, "துணிதானே, துவைச்சாப் போகுது" என்று சொல்லித் தட்டைக் கையில் எடுத்தார். மேளத்தை வாசிக்கச் சொன்னார். நடந்துவிட்டது.

பந்தியில் உட்கார்ந்தேன். உப்புப் போட்ட சாப்பாடு. இறங்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

காலையில் தோசை வார்க்கும்போது மிருதுளா வந்து பக்கத்தில் நின்றாள். கரண்டியை என் கையில் இருந்து வாங்கி வைத்தாள்.

"அம்மா, அத்தைகிட்டப் போய் நான்தான் கேட்டேன். இந்த இடம் எனக்கு வேண்டாம், எப்படியாச்சும் கலைச்சு விடுங்கன்னு. உங்ககிட்ட சொல்லப் பயம். இங்கிலீஷ்ல சொன்னா வந்தவங்களுக்கு மட்டும் புரியும், அப்பாவுக்கும் உங்களுக்கும் புரியாது, மனசு நோகாதுன்னுதான் அத்தை அந்த வார்த்தைய எடுத்தாங்க. நீங்க டிக்‌ஷனரி பார்ப்பீங்கன்னு யாரு கண்டா?"

இந்த இடம் ஏன் வேண்டாம் என்று கேட்டேன். மேகம் போட்டு அடுப்படி இருட்டியது. கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டாள். பஞ்சரான வண்டியோடு வந்த அன்று ஜெரோம் அந்த சுவிட்சைத் தடவாமல் போட்டது எனக்கு நினைவுக்கு வந்தது.

தோசை தீய்ந்துவிட்டது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கலைக்கச் சொன்னது மிருதுளா. கலைந்த இடத்தில் தன் பெண்ணை உட்கார வைக்கச் சொல்லி மிருதுளா கேட்கவில்லையே. அது கனகமணியாகச் செய்தது. அதை நான் விட மாட்டேன்.

இவர் காலையில் சாப்பிடாமல் போனார். சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஜூன் 12, புதன்

கனகமணி சேலையை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள். உட்காரவில்லை. "அண்ணி, நான் சொன்னது ஒரு வார்த்தை. அதை என்ற வாயாலயே தொடைச்சுட்டேன். நீங்க தொடைக்கறதுக்கு அண்ணனோட துண்டுதான் கெடச்சுதா?" என்றாள். பையை வைத்துவிட்டுப் போனாள்.

இவர் பட்டறையில் இருந்து வந்ததும் பின்கட்டில் அண்டாவை ஏற்றினார். தண்ணீர் கொதிக்க வைத்துச் சோப்புப் போட்டு அலசினார். சிவப்பாகப் போய்க்கொண்டே இருந்தது. தெளியும் வரைக்கும் அலசினார். வெள்ளை டப்பாவை அவரே எடுத்தார். குச்சியால் புரட்டிக் கொடுக்கப் போனேன். குச்சியைத் தரவில்லை. கடைசியில் ஈர வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அதைக் கொண்டுவந்து அடுப்படிக் கொடியில், என் கண்ணுக்கு நேராகப் போட்டுவிட்டுப் போனார்.

பட்டறையில் இந்த வாரம் இவர் போடும் ஒவ்வொரு சாயத்தையும் இன்னொருவரை வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம் முதலாளி. மிருதுளா சொல்லித்தான் தெரியும்.

தட்டில் சோறு போட்டு வைத்தேன். தள்ளினார். மாத்திரையை மட்டும் எடுத்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"நீ எதுக்கு விரதம் இருந்தயோ, அது நடந்துருச்சு" என்றார். "இப்ப நான் இருக்கறேன்."

எதற்கு என்று கேட்டேன். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூன் 14, வெள்ளி

இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து உங்கள் சாப்பாட்டு டப்பாவின் மேல் தட்டில் வைக்கிறேன். நேரில் கேட்டால் நீங்கள் எழுந்து போய்விடுகிறீர்கள்.

கீழ்த்தட்டில் ரசம் சாதம். நடுத்தட்டில் அவரைக்காய். உப்புப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். நேற்று வாசற்படியில் உங்களுக்குத் தலை சுற்றியதை மிருதுளா பார்த்திருக்கிறாள். என்னிடம் மறைக்க வேண்டாம்.

பட்டினி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அது எதிரில் இருக்கிறவரை அடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டே வரும். நான் இறுகிப்போய்த்தான் அந்த வெள்ளை டப்பாவை மூடினேன். உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் உடம்பு அதற்கு ஆகாது.

கனகமணி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். மிருதுளா விஷயத்தை நாம் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பிள்ளை ஜெரோமை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் பிறகு.

ஸ்வப்னாவிடம் நான் போய்க் கேட்டுக்கொள்கிறேன். அதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முதலாளியிடம் சேலையை அலசாமல் விட்டது நான் என்று சொல்லச் சொன்னால் பட்டறை வாசலுக்கே வந்து சொல்கிறேன். அல்லது அதே ஒன்பது பேரையும் அதே அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, கனகமணி முன்னால் நான் சொல்ல வேண்டுமா? அதுதான் என்றால் அதுவும் சரி. கஷ்டம்தான். சொல்கிறேன்.

என்ன செய்தால் நீங்கள் சாப்பிடுவீர்கள்? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.